மண்ணும் நீரும் மரக்கட்டையும்

குழந்தை ஒன்று மணலில் அமர்ந்து சிறு வாளியில் மண்ணை நிரப்புகிறது, நிரம்பியதும் கவிழ்க்கிறது, மீண்டும் நிரப்புகிறது. காண்பவருள் சிலர் இதனைப் பொழுதுபோக்கு என்பர். சிலர் வீண் வேலை என்றே சொல்லிவிடுவர். இதனையே கல்வி எனக் கொண்டு, இதற்கெனத் தனிக் கட்டடமும் பரந்த முற்றமும் அமைத்து, பயிற்சி பெற்ற ஆசிரியர்களையும் அமர்த்தியுள்ள பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகமே அது. அங்கு 1966-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது பிங் குழந்தைப் பள்ளி. பீட்டர் பிங் என்பவரும் அவர்தம் அன்னையாரும் அளித்த நன்கொடையும், அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனம் வழங்கிய பொருளுதவியும் அப்பள்ளி எழக் காரணமாயின.

இப்பள்ளியின் பணி இரண்டு. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளைப் பேணி வளர்த்தல் ஒன்று. குழந்தை எங்ஙனம் வளர்கிறது, எவ்வாறு எண்ணுகிறது என்பதை உளநூல் அறிஞர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் கண்டறிய இடம் தருதல் மற்றொன்று. இவ்விரண்டும் எளிதில் பொருந்துவன அல்ல. பேணுபவர்க்குக் குழந்தையே முதன்மை. ஆராய்பவர்க்குத் தாம் எழுப்பிய வினாவே முதன்மை. இத்தகைய பள்ளியின் கொள்கையை அறிய விரும்புவோர், இவ்விரண்டனுள் எது முன்னிற்கிறது என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.

அக்கொள்கையின் வேர் ஸ்டான்போர்டில் இல்லை. ஒரு கப்பல் கட்டும் தளத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் கைசர் என்னும் தொழிலதிபரின் கப்பல் தளங்கள் இரவுபகலாக இயங்கின. ஆடவருள் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டமையால், இரும்பை இணைத்துப் பற்றவைக்கும் வேலை முதலியவற்றில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். அவர்தம் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது? பூட்டிய வீட்டிலும், தளத்துக்கு வெளியே நின்ற கார்களிலும் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்கு வரும் நிலை அக்காலத்து அமெரிக்கத் தொழில் நகரங்களில் இருந்தது. 1943-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கப்பல் தளங்களின் வாயிலிலேயே இரண்டு குழந்தைக் காப்பகங்கள் திறக்கப்பெற்றன. ஆண்டில் 364 நாளும், நாளில் 24 மணியும் அவை திறந்திருந்தன. நள்ளிரவில் வேலை முடிந்து வரும் தாய், உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீடு செல்வாள். சமைத்து ஆயத்தமாக வைத்த உணவையும் அங்கேயே விலைக்கு வாங்கிச் செல்லலாம்.

அக்கட்டடங்களின் அமைப்பே ஒரு கொள்கையைச் சொல்லிற்று. சக்கரத்தின் ஆரக்கால்கள் போல அறைகள் சுற்றிலும் அமைய, நடுவில் காற்றும் வெயிலும் வரும் முற்றம் விளங்கியது. குழந்தைகள் அமர்ந்து வெளியே பார்ப்பதற்கேற்பச் சாளரங்கள் இருந்தன. அவற்றின் வழியே கப்பல் தளம் தெரியும். தாய் எங்கே சென்றாள் என்று ஏங்கும் குழந்தைக்கு, அவள் வேலை செய்யும் இடத்தைக் காட்டிவிடுதல் எத்துணை ஆறுதல்! இரண்டாண்டுக் காலத்தில் 4000-க்குச் சற்றுக் குறைந்த குழந்தைகள் அங்கு வளர்ந்தனர். 1945-இல் போர் முடிந்தது; கப்பல்களும் வேண்டாவாயின; பெண்களின் வேலையும் போயிற்று; காப்பகங்களும் மூடப்பட்டன. நாட்டுக்குக் கப்பல் தேவைப்பட்ட வரையில்தான் குழந்தையின் நலம் நாட்டின் கவலையாக இருந்தது போலும்.

ஆயினும் அங்குக் கற்றறிந்தவை அழிந்துபோகவில்லை. அக்காப்பகங்களுக்கு அறிவுரை கூறி வழிநடத்திய லோயிஸ் மீக் ஸ்டோல்சு அம்மையார் பின்னர் ஸ்டான்போர்டில் உளநூற் பேராசிரியராகப் பணியாற்றினார். அங்கே ஆசிரியர்களை மேற்பார்வை செய்த ஈடித் டெளலி அம்மையாரே பிங் பள்ளியை முதன்முதலில் நடத்திய தலைவர் ஆனார். ஏழு கடல் தாண்டிய புகழுடைய பல்கலைக்கழகத்தின் குழந்தைப் பள்ளிக்குக் கப்பல் தளத்துத் தொழிலாளர் பிள்ளைகளை வளர்த்த கையே அடிக்கல் நாட்டியது என்பதை அப்பள்ளியைப் புகழ்வோர் பலர் நினைப்பதில்லை.

பிங் பள்ளியில் அடிப்படைப் பொருள்கள் ஐந்து என வகுத்துள்ளனர். மரக்கட்டை, களிமண், வண்ணம், மணல், நீர் என்பனவே அவை. கடைகளில் குவிந்து கிடக்கும் விளையாட்டுப் பொருள்களை விடுத்து, இவ்வைந்தையும் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ஓடுவதொன்றே செய்யும். அதனை ஆக்கியவன் எண்ணியதற்கு மேல் குழந்தை எண்ணுவதற்கு அதில் இடமில்லை. துண்டுகளைப் பொருத்தி ஒரு படத்தை உருவாக்கும் விளையாட்டுக்கு விடை ஒன்றே. அதற்கு மாறாகச் செய்தால் பிழை. களிமண்ணுக்குப் பிழை என்பதே இல்லை. இரண்டு வயதுக் குழந்தை அதனைப் பிசைந்து மகிழும். நான்கு வயதுக் குழந்தை அதில் யானையைக் காணும். ஒரே பொருள் இருவருக்கும் ஏற்ற அளவில் பயன்படுகிறது.

மரக்கட்டையைச் சற்று விரிவாக நோக்கலாம். இன்று உலகெங்கும் குழந்தைப் பள்ளிகளில் வழங்கும் அளவுக்கட்டைகளை வகுத்தவர் நியூயார்க் நகரத்துக் கரோலின் பிராட் என்னும் ஆசிரியை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அவற்றை உருவாக்கினார். கட்டையின் நீளம் 5½ அங்குலம். அகலம் அதில் பாதியாகிய 2¾ அங்குலம். கனம் அதிலும் பாதியாகிய 1⅜ அங்குலம். இதுவே அலகு. இதனினும் இருமடங்கு நீளமுள்ள கட்டையும், நான்மடங்கு நீளமுள்ள கட்டையும், பாதி நீளமுள்ள கட்டையும் உண்டு. வண்ணம் பூசப்படுவதில்லை. பாலம் கட்டும் சிறுவனுக்கு நீண்ட கட்டை தீர்ந்துவிட்டால், இரண்டு கட்டைகளை ஒட்டிவைத்தால் அதே நீளம் வருமென்று அவனே காண்கிறான். பின்னம் என்னும் பெயரைப் பின்னர்ப் பள்ளியில் கேட்கும்போது, அது தன் விரல்கள் முன்பே அறிந்திருந்த ஒன்று என்பதை அவன் உணர்வான். பிராட் அம்மையார் தம் அமைப்பிற்கு உரிமைக் காப்பு ஒன்றும் பெறவில்லை. எவரும் செய்து விற்கலாயிற்று.

அதே நகரில் இளங்குழந்தைப் பள்ளி நடத்திய ஹாரியட் ஜான்சன் என்னும் அம்மையார், குழந்தைகள் கட்டைகளைக் கையாளும் முறையைப் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கி, 1933-இல் ஒரு நூல் எழுதினார். மிக இளங்குழந்தை கட்டையை எடுத்துச் சுமந்து திரியுமேயன்றி எதையும் கட்டாது. அடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். அல்லது வரிசையாக வைக்கும். பிறகு, இரு கட்டைகளை இடைவெளி விட்டு நிறுத்தி அவற்றின் மேல் ஒன்றைக் கிடத்திப் பாலம் அமைக்கும். அதன் பின்னரே நாற்புறமும் அடைத்த ஓர் இடத்தை உண்டாக்கும். அழகிய அமைப்புகள் அதற்கும் பின்னர் வரும். தான் கட்டியதற்கு வீடு என்றோ கப்பல் என்றோ பெயரிட்டு, அதில் வாழ்வது போல் ஆடுவது பெரும்பாலும் இறுதியில் நிகழும். இவ்வொழுங்கை எவரும் கற்பித்ததில்லை. கற்பிக்காமலே எவ்வளவு நிகழும் என்பதை அறிந்தவரே, எப்போது கற்பிக்க வேண்டும் என்பதையும் அறிய வல்லார்.

மணலையும் நீரையும் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றின் அருமையைக் குழந்தையாய் இருந்த எவரும் அறிவர். வண்ணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம். இத்தகைய பள்ளிகளில் ஆசிரியர் வீட்டையோ மரத்தையோ வரைந்து காட்டி, 'இதைப் போல் வரை' என்று சொல்வதில்லை. வளர்ந்தவர் வரைந்த படத்தைக் கண்ட குழந்தை, அதனைத் தன்னால் வரைய இயலாது என்பதையே முதற்பாடமாகக் கற்கும். 'இது என்ன?' என்றும் அவர் வினவுவதில்லை. சிவப்பு நீலத்தோடு கலந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம் அவ்வாறு வினவினால், அது எதையேனும் ஒரு பெயரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்குமே அன்றித் தன் வேலையைத் தொடராது.

வகுப்பறைக்கும் முற்றத்திற்கும் இடையே குழந்தைகள் தம் விருப்பப்படி போய் வருவர். ஒரு வேலையில் ஆழ்ந்த குழந்தையை அடுத்த வேலைக்கு இழுத்துச் செல்வதைக் கூடியவரை தவிர்க்கின்றனர். இதனால் ஆசிரியர்க்கு வேலை இல்லை என்று நினைத்தல் பெருந்தவறு. இரு குழந்தைகள் ஒரே மண்வெட்டிக்குச் சண்டையிடும் வேளையில், அதனைப் பிடுங்கி ஒருவரிடம் கொடுத்துவிட்டால் அரை நிமிடத்தில் அமைதி வரும். அவ்வாறன்றி, இருவருக்கும் இடையே முழந்தாளிட்டு அமர்ந்து, 'உனக்கு என்ன வேண்டும் என்று அவனிடம் சொல். அவன் சொல்வதையும் கேள்' என்று சொல்லி, அவர்களே ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருக்கப் பத்து நிமிடம் ஆகும். அப்பத்து நிமிடப் பொறுமையே இவ்வாசிரியர்களின் தொழில் திறம்.

குழந்தைக்கு இயல்பாகவே கற்கும் ஆர்வம் உண்டு. அதனைக் கெடுக்காதிருத்தலே பெரியோர் கடமை என்பது இதுவரை கூறியவற்றின் உட்கருத்து. இது வெறும் நம்பிக்கையா, மெய்ப்பிக்கத்தக்க உண்மையா? இவ்வினாவுக்கு விடை தேடிய சோதனைகளுள் புகழ்பெற்ற ஒன்று இப்பள்ளியிலேயே நடந்தது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்னும் மூவர் அதன் முடிவை 1973-இல் வெளியிட்டனர்.

வண்ணப் பேனாக்களால் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய 51 குழந்தைகளை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். முதற் பிரிவினரிடம், 'படம் வரைந்தால் பரிசு தருவோம்' என்று முன்னரே கூறினர். பொன்னிற விண்மீனும் சிவப்பு நாடாவும் உடைய அழகிய அட்டையே அப்பரிசு. இரண்டாம் பிரிவினர்க்கு ஒன்றும் கூறாமல், வரைந்து முடித்தபின் அதே பரிசை அளித்தனர். மூன்றாம் பிரிவினர்க்குப் பரிசும் இல்லை. பரிசு பற்றிய பேச்சும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, அதே பேனாக்களை வகுப்பறையில் வழக்கமான விளையாட்டு வேளையில் வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் அவற்றை நாடுகின்றனர் என்று மறைவிலிருந்து கணக்கிட்டனர். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், ஏனைய இரு பிரிவினரும் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியே வரைதலில் செலவிட்டனர். பரிசுக்காக அவர்கள் வரைந்த படங்களும் மற்றவர் படங்களினும் தரம் குறைந்திருந்தன.

இதன் பொருளைப் பிழைபட உணர்தல் ஆகாது. பரிசு எங்கும் தீயது என்று இச்சோதனை கூறவில்லை. எதிர்பாராது பரிசு பெற்ற குழந்தைகளின் ஆர்வம் சிறிதும் குறையவில்லை. முன்பு விருப்பமே இல்லாத ஒரு வேலையைத் தொடங்கச் செய்வதற்குப் பரிசு உதவவும் கூடும். விரும்பிச் செய்துகொண்டிருந்த ஒன்றுக்கு விலை பேசியபோதுதான் கேடு விளைந்தது. 'விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. இனிக் கூலி இல்லாமல் ஏன் செய்ய வேண்டும்?' என்று அக்குழந்தையின் உள்ளம் கணக்கிட்டது போலும். மதிப்பெண்ணுக்காகவே படிக்கும் மாணவர், தேர்வு முடிந்த மறுநாள் புத்தகத்தை மூட்டை கட்டிவைப்பதன் காரணத்தையும் இதில் காணலாம்.

இப்பள்ளியின் பெயரை உலகெங்கும் பரப்பியது வேறொரு சோதனை. 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் வால்டர் மிஷெல் என்னும் பேராசிரியர் அதனை நடத்தினார். நான்கு வயதளவான குழந்தையின் முன்னே தின்பண்டம் வைக்கப்படும். அது பிஸ்கட்டாக இருக்கலாம். மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு போன்ற மிட்டாயாகவும் இருக்கலாம். 'நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் மிகுதியாகப் பெறுவாய். காத்திருக்க முடியாவிட்டால் மணியை அடி. அப்போது குறைந்ததே கிடைக்கும்' என்று கூறி ஆராய்ச்சியாளர் வெளியேறுவார். பதினைந்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். சில குழந்தைகள் கண்ணைப் பொத்திக்கொண்டனர். சிலர் திரும்பி அமர்ந்து பாடினர். சிலர் தமக்குத்தாமே பேசிக்கொண்டனர்.

மிஷெல் முதலில் காண விரும்பியது, குழந்தை எப்போது எளிதாகக் காத்திருக்கும் என்பதையே. 1970-இல் வெளியான முடிவு வியப்பளிப்பது. பண்டங்கள் கண்முன் இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிட அளவே பொறுத்தனர். அவை மறைக்கப்பட்டபோது பதினொரு நிமிடத்திற்கு மேல் பொறுத்தனர். மன உறுதி என்று நாம் போற்றுவது, பண்டத்தை எங்கே வைத்தார்கள் என்பதையும் பொறுத்திருந்தது! இந்த அரிய செய்தியை உலகம் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

உலகம் பொருட்படுத்தியது வேறொன்றை. மிஷெலின் மூன்று புதல்வியரும் பிங் பள்ளியில் படித்தவர்கள். ஆண்டுகள் சென்றபின், பழைய தோழர்களைப் பற்றி அவர்கள் உணவு வேளையில் பேசுவதைக் கேட்ட தந்தைக்கு, அன்று காத்திருந்தவர்கள் இன்று பள்ளியிலும் நன்கு விளங்குவதாகத் தோன்றியது. அதனை முறைப்படி ஆராய்ந்து, 1990-இல் அவரும் உடனாராய்ச்சியாளரும் அவ்வாறே தொடர்பு இருப்பதாக எழுதினர். நாளிதழ்களும் அறிவுரை நூல்களும் இதனைப் பற்றிக்கொண்டன. நான்கு வயதிலேயே வாழ்வின் வெற்றியை ஒரு மிட்டாயால் அளந்துவிடலாம் என்பது போலப் பேசப்பட்டது. அச்சமுற்ற பெற்றோர் சிலர் தம் வீட்டிலேயே மிட்டாயை வைத்துப் பிள்ளைகளைச் சோதித்தனர்.

பிங் பள்ளிக் குழந்தைகளுட் பெரும்பாலோர் கல்வியும் வசதியும் மிக்க குடும்பத்தினர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 2018-இல் டைலர் வாட்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள், பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்த 900-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய செய்திகளை ஆராய்ந்தனர். காத்திருத்தலுக்கும் பிற்காலத் தேர்ச்சிக்கும் இடையே கண்ட தொடர்பு முன்பு கூறப்பட்டதில் பாதி அளவே இருந்தது. குடும்பத்தின் நிலை முதலியவற்றையும் கணக்கில் கொண்டபோது அதுவும் பெரிதும் சுருங்கிவிட்டது.

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் செலஸ்டி கிட் என்பவரும் உடனுழைத்தோரும் நடத்தி 2013-இல் வெளியிட்ட சோதனை இன்னும் ஆழமானது. 28 குழந்தைகளை இரு பிரிவாக்கினர். முதலில், 'படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன். சற்றுப் பொறு' என்று ஒருவர் சொல்லிச் சென்றார். ஒரு பிரிவினர்க்குச் சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தார். மற்றொரு பிரிவினரிடம் வெறுங்கையோடு வந்து, 'இல்லை' என்றார். பிறகு இரு பிரிவினர் முன்னும் மிட்டாயை வைத்தனர். சொல் காக்கப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர். சொல் தவறக் கண்டவர்கள் மூன்று நிமிடமே காத்திருந்தனர். இப்பிரிவினரை அடக்கமற்றவர் என்பது தகுமா? ஏமாற்றியவரின் சொல்லை நம்பிக் கையிலிருப்பதை இழக்க மறுத்த அறிவுடையோர் அவர்கள். நாளைக்கு உணவு இருக்குமா என்று தெரியாத வீட்டில் வளரும் குழந்தை, இன்றைக்குக் கிடைத்ததை இன்றே உண்பதும் இதுபோன்றதே.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வரலாம். ஆராய்ச்சிக்கும் பேணுதலுக்கும் முரண் நேர்ந்தால் எது முன்னிற்கும்? பிங் பள்ளி தோன்றுவதற்கு முன்னர், 1961-இல், ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தின் பழைய குழந்தைப் பள்ளியைச் சேர்ந்த 36 சிறுவர்களையும் 36 சிறுமியரையும் கொண்டு ஆல்பர்ட் பண்டுரா என்னும் பேராசிரியர் ஒரு சோதனை நடத்தினார். சாய்த்தால் நிமிரும் காற்றடைத்த பெரிய பொம்மையை ஒருவர் குத்தியும் உதைத்தும் சுத்தியால் அடித்தும் காட்டினார். கண்டிருந்த குழந்தைகளுக்கு முதலில் நல்ல விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்து, உடனே அவற்றைத் தர மறுத்துச் சினமூட்டிப் பிறகு அப்பொம்மை இருந்த அறைக்கு அழைத்துச் சென்றனர். கண்டதைக் கண்டவாறே பலர் செய்தனர். பெரியோர் செயலே பிள்ளைகளின் பாடம் என்பதை அச்சோதனை ஐயமறக் காட்டியது. அதன் பயன் பெரிது. ஆனால், குழந்தைக்கு வேண்டுமென்றே சினமூட்டுவதும் அடிக்கக் காட்டுவதும் தகுமா என்னும் வினாவும் அதனுடன் பிறந்தது. இன்றும் அச்சோதனையைக் கற்பிக்கும் இடங்களில் அவ்வினா எழாமலிருப்பதில்லை.

பிற்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், மக்களைக் கொண்டு நடத்தும் எந்தச் சோதனையையும் தொடங்கும் முன் தனிக்குழு ஒன்று ஆராய்ந்து இசைவளிக்க வேண்டும் என்று விதி வகுத்தனர். பெற்றோரின் இசைவும் வேண்டும். பிங் பள்ளியில் ஆராய்ச்சி நடக்கும் சிறு அறைகளை 'விளையாட்டு அறை' என்று வழங்குகின்றனர். மாணவர்கள் ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னே நின்று குழந்தைகளை நோக்கலாம். அவர்கள் ஆட்டத்தில் குறுக்கிடலாகாது. ஆராய்ச்சியாளர் முதலில் குழந்தையோடு மணலிலும் கட்டையிலும் அமர்ந்து பழகிய பின்னரே, 'என்னோடு விளையாட்டு அறைக்கு வருகிறாயா?' என்று கேட்கிறார். குழந்தை தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவதும் உண்டு. வாளியை நிரப்பிக்கொண்டே, 'இப்போது வரமாட்டேன்' என்று சொல்வதும் உண்டு. அப்போது பல்கலைக்கழகம் திரும்பிச் செல்கிறது.